ஜீயஸும் நம்ம சாமியும் ஒண்ணா? பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வீட்டுக்குப் போன பிறகு நிதானமா படிங்க. வீட்டில் இடைநிலைப்பள்ளி, கல்லூரி போகும் பிள்ளைகள் இருந்தால் அவங்களுக்கும் காட்டுங்க.

சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் கேட்கும் கேள்விகள் ரொம்பக் கூர்மையா இருக்கு. "இந்திரன் கையில் இடி, தோர் கையிலும் இடி. யாரு யாரைப் பார்த்து காப்பி அடிச்சாங்க?" என்று கேட்கிறார்கள். படம் பார்த்துட்டு வர்ற பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். அதே நேரம் பெரியவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு மாதிரி ஒரு செய்தி சுத்துது. "உலகம் முழுக்க ஒரு காலத்தில் நம்ம மதம்தான், ஜீயஸ் என்றால் சிவன், அலெக்சாண்டர் என்றால் கந்தன்." நாமும் கைகூப்பி ஒரு படத்தைப் போட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளி விடுறோம்.

இதில் என்ன ஆபத்து? பிள்ளை அந்தச் செய்தியைக் கல்லூரியில் போய்ச் சொல்லுவான். கூட இருக்கிற நண்பன் ரெண்டு நிமிஷத்தில் அது தப்பு என்று காட்டிடுவான். அதுக்கப்புறம் நாம சொல்லிக் கொடுத்த தேவாரமும் அவனுக்குச் சந்தேகமா தெரியும். ஒரு பொய்யான பெருமைக்கு நாம் கொடுக்கும் விலை அது. அதனால் இந்த விஷயத்தை நாங்கள் தேடிப் படிச்சோம். படிச்சதை எங்களுக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம்.

சுருக்கமா சொன்னா இதுதான்: ரெண்டு சாமி ஒரே மாதிரி இருந்தால் அதுக்கு மூணு காரணம் இருக்கலாம். ஒன்று உறவு, அதாவது ஒரே பாட்டன் வீட்டுச் சொத்து. இரண்டு கடன், ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியது. மூணு தற்செயல். எது எது என்று பிரித்துப் பார்க்க அறிஞர்கள் 200 வருஷத்துக்கு மேலாக ஒரு முறையை வளர்த்து வச்சிருக்காங்க.

🔸 எப்படித் தொடங்கியது?

வில்லியம் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1783-இல் கல்கத்தாவுக்கு நீதிபதியாக வந்தார். அங்கே சமஸ்கிருதம் படித்தார். 1786 பிப்ரவரி 2-ஆம் தேதி ஆசியவியல் கழகத்தில் பேசும்போது, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலா வர முடியாத அளவுக்கு இருக்கு, மூன்றும் இப்போது இல்லாமல் போன ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். கவனிங்க, சமஸ்கிருதத்திலிருந்து கிரேக்கம் வந்தது என்று அவர் சொல்லவில்லை. கிரேக்கத்திலிருந்து சமஸ்கிருதம் வந்தது என்றும் சொல்லவில்லை. மூன்றும் அக்கா தங்கச்சி, தாய் வேறு ஒருத்தி. அந்தத் தாய்மொழியை இப்போது 'மூல இந்தோ-ஐரோப்பிய மொழி' என்று சொல்றாங்க. அதைப் பேசியவர்கள் எழுத்து எதையும் விட்டுப் போகவில்லை. பிள்ளைகளின் முகத்தை வைத்துத் தாயின் முகத்தை வரையும் வேலை இது.

ஆனால் இதே ஜோன்ஸ் சாமிகளை ஒப்பிடும்போது சறுக்கினார். ரோமானியர்களின் ஜேனஸ் தெய்வம் எல்லாத் தொடக்கத்துக்கும் வாசலுக்கும் உரியவர், அவரைத்தான் முதலில் கும்பிடுவாங்க. நம்ம பிள்ளையாருக்கும் முதல் வணக்கம். அதனால் இவரும் அவரும் தொடர்புள்ளவர்கள் என்று எழுதினார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஜேனஸ் என்ற பெயர் லத்தீனில் வாசல், வழி என்ற சொற்களோடு சேர்ந்தது, கணபதி என்ற பெயர் கணங்களுக்குத் தலைவன் என்று பொருள் தருவது. யானைமுகப் பிள்ளையார் வழிபாடோ ரிக் வேத காலத்துக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிகிறது. வேலை ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றாகிவிட முடியாது.

🔸 அறிஞர்கள் எதை நம்புகிறார்கள்?

ஒலியின் ஒழுங்கை நம்புகிறார்கள். சமஸ்கிருதத்தில் 'ப' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஃப' வரும். பிதர் – ஃபாதர். பாதம் – ஃபுட். பஞ்ச – ஃபைவ். இது ஒன்று ரெண்டு சொல்லில் மட்டும் இல்லை, வரிசையாக வருகிறது. அதே மாதிரி சமஸ்கிருத 'ஸ', பழைய ஈரான் மொழியில் 'ஹ' ஆகும். சோமம் அங்கே ஹஓமம். அசுரன் அங்கே அஹுரன். சிந்து அங்கே ஹிந்து. நம் மதத்துக்கு இன்று வழங்கும் பெயரே இந்த ஒலி மாற்றத்தால் வந்ததுதான்.

இன்னொன்று, வழக்கத்துக்கு மாறான சின்னச் சின்ன விஷயங்களும் ஒத்துப் போகணும். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரெண்டு பிளாஸ்டிக் வாளி ஒரே அளவா இருந்தா ஒரே மோல்டு என்று சொல்ல முடியாது. ரெண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தா, அப்போ ஒரே மோல்டுதான்.

🔸 வானத் தந்தை

இந்த முறையில் கிடைத்த உறுதியான பெயர் ஒன்று. ரிக் வேதத்தில் 'த்யௌஸ் பிதர்', வானத் தந்தை. கிரேக்கத்தில் 'ஜீயஸ் பதேர்'. லத்தீனில் 'ஜூபிட்டர்', அந்த 'பிட்டர்' என்பதும் தந்தைதான். மூன்று இடத்திலும் பெயரும் ஒன்று, பொருளும் ஒன்று. கீறலும் இருக்கு. 'த்யௌஸ்' வேற்றுமை ஏற்கும்போது 'திவஸ்' ஆகும். 'ஜீயஸ்' வேற்றுமை ஏற்கும்போது 'தியோஸ்' ஆகும். ரெண்டும் ஒரே மாதிரி கோணலாக மாறுது. இப்படி ஒரு கோணலை யாரும் கடன் வாங்க மாட்டாங்க.

அப்படியானால் ஜீயஸுக்கு நம்ம பக்கம் உறவு யார்? சிவன் இல்லை, த்யௌஸ். நாம் இன்று கோயிலில் அவருக்கு ஒரு விளக்குகூட ஏற்றுவதில்லை. வேதத்திலேயே அவர் ஓரமாக நிற்கும் ஒரு தாத்தா மாதிரிதான். கிரேக்கத்தில் அரசனாக உட்கார்ந்தவர், இங்கே பேரைத் தவிர அதிகம் மிச்சம் வைக்கவில்லை. ஒரே வீட்டுச் சொத்தை ரெண்டு பிள்ளைகள் எப்படி வேறு வேறா வச்சுக்கிட்டாங்க என்பதுக்கு இது ஒரு நல்ல உதாரணம்.

'தேவன்' என்ற சொல்லும் அந்த வானம், ஒளி என்ற வேரிலிருந்துதான் வருது. லத்தீனில் 'தேயுஸ்', லித்துவேனியாவில் 'தியேவாஸ்'. ஆங்கிலத்தில் டியூஸ்டே என்கிறோமே, அதில் இருக்கும் 'டியூ' என்ற பழைய ஜெர்மானிய தெய்வத்தின் பெயரும் இதே சொல்தான். ஈரானில் மட்டும் கதை தலைகீழ். அங்கே 'தஏவ' என்றால் தீய சக்தி, 'அஹுர' என்றால் கடவுள். நமக்கு தேவர் நல்லவர், அசுரர் கெட்டவர். சொல் ஒன்று, தீர்ப்பு வேறு.

🔸 விடியலும் இரட்டையரும்

ரிக் வேதத்தில் உஷஸ் என்னும் விடியல் தேவிக்கு மட்டும் சுமார் 20 பாடல்கள். கிரேக்கத்தில் அவள் ஈயோஸ், ரோமில் அவ்ரோரா. பெயர்கள் ஒரே வேர். ஆங்கிலத்தில் 'ஈஸ்ட்' என்று கிழக்கைச் சொல்வதும் அதன் சொந்தம்தான்.

அஸ்வினி தேவர்களின் கதை இன்னும் அழகு. இவர்கள் இரட்டையர், குதிரைகளோடு வருபவர்கள், வானத்தின் பிள்ளைகள் என்று வேதம் சொல்லும். சூரியனின் மகள் அவர்கள் தேரில் ஏறுகிறாள். கடலில் தத்தளித்த புஜ்யு என்பவனைக் காப்பாற்றினார்கள். கிரேக்கத்தில் 'தியோஸ்கூரோய்', அதாவது ஜீயஸின் பிள்ளைகள். அவர்களும் இரட்டையர், குதிரைக்காரர்கள், புயலில் சிக்கிய மாலுமிகளைக் காப்பவர்கள். அவர்கள் தங்கச்சிதான் ஹெலன். வடக்கே லாட்வியா நாட்டு நாட்டுப்பாடல்களிலும் 'கடவுளின் பிள்ளைகள்' குதிரையில் வருகிறார்கள், சூரியனின் மகளைத் தேடி. சொற்கள் வேறாக இருந்தாலும் குதிரை, இரட்டை, வானம், சூரியன் மகள் என்று இத்தனை விஷயங்கள் ஒன்று சேர்ந்து வருவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

அஸ்வினி தேவர்களுக்கு 'நாசத்யர்' என்று இன்னொரு பெயர். இன்றைய துருக்கி நாட்டில் போகாஸ்கோய் என்ற இடத்தில் களிமண் பலகைகள் கிடைத்தன. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் அரசனும் மிதன்னி அரசனும் செய்துகொண்ட உடன்படிக்கை அதில் இருக்கு. சாட்சிக்கு அழைக்கப்பட்ட தெய்வங்களில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்யர் நாலு பெயரும் இருக்கு. இந்தத் தெய்வங்களின் பெயர்களுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று இதுதான். அது கிடைத்தது இந்தியாவில் இல்லை என்பதையும் பிள்ளைகள் தெரிஞ்சுக்கணும்.

🔸 தோரும் இந்திரனும்

இப்போ பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். விருத்திரன் என்ற பாம்பு தண்ணீரை அடைத்து வச்சிருந்தது. துவஷ்டா செய்து கொடுத்த வஜ்ராயுதத்தால் இந்திரன் அதைக் கொன்று ஆறுகளை விடுவித்தான். வடக்கு ஐரோப்பாவில் தோர், குள்ளர்கள் செய்து கொடுத்த சுத்தியலோடு உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்போடு சண்டை போடுகிறார். இந்திரன் சோமபானத்தில் பெரிய ஆள், தோரும் குடிப்பதில் குறைந்தவர் இல்லை. ஹிட்டைட் மக்களிடமும் புயல் தெய்வம் இல்லுயங்கா என்ற பாம்பைக் கொல்லும் கதை உண்டு. அங்கே தெய்வம் முதலில் தோற்றுப் போகும், பிறகு பாம்பை விருந்துக்கு அழைத்து வயிறு முட்டத் தின்னக் குடிக்க வச்சுக் கட்டிப் போடுவாங்க. ஆண்டுதோறும் ஒரு திருவிழாவில் அந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

ஆனால் அவசரப்படக் கூடாது. ஜப்பானிலும் எட்டுத்தலைப் பாம்புக்குச் சாராயம் கொடுத்துக் கொன்ற தெய்வம் உண்டு. பாபிலோனில் மார்துக் கதை உண்டு. இவர்கள் அந்த மொழிக் குடும்பமே இல்லை. ஆகவே கதை மட்டும் போதாது. கால்வர்ட் வாட்கின்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1995-இல் இதுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் கதையை விட்டுட்டு, சொல்லைப் பிடிச்சார். சமஸ்கிருதத்தில் 'ஹன்' என்ற வினை, கொல்லுதல். ஹிட்டைட்டில் 'குயென்', கிரேக்கத்தில் 'ஃபோன்' என்று வருவதும் அதே வேர்தான். இந்த மொழிகளில் பாம்புக் கதை சொல்லும்போது திரும்பத் திரும்ப இந்த வினைதான் வந்து உட்காருது என்று காட்டினார். அந்தப் பழைய புலவர்களிடம் இதுக்கென்று ஒரு சொற்றொடரே இருந்திருக்கும் என்பது அவர் முடிவு.

தோர் என்ற பெயருக்குப் பொருள் இடி. இந்திரன் என்ற பெயரோடு அதுக்குச் சம்பந்தம் இல்லை. ஆகவே த்யௌஸ்–ஜீயஸ் அளவுக்கு இது உறுதி கிடையாது. பழைய இடித் தெய்வம் ஒருவரின் குணங்கள் இருவரிடமும் தங்கியிருக்கலாம் என்ற அளவில்தான் சொல்ல முடியும். காப்பி என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு ஒரே மூக்கு இருந்தா யாரும் காப்பி என்று சொல்றதில்லையே.

🔸 எமன்

வேதத்தில் யமன் என்றால் இரட்டையில் ஒருவன் என்று பொருள், தங்கை யமி. இறந்த முதல் மனிதன் அவன், பின்னால் வருபவர்களுக்கு வழி கண்டவன். ஈரானின் அவெஸ்தாவில் அவன் 'யிம', ஆதி அரசன். ஐஸ்லாந்து நூல்களில் 'யிமிர்' என்ற ஆதி பூதத்தை வெட்டி அதன் மண்டையால் வானமும், ரத்தத்தால் கடலும், எலும்பால் மலையும் செய்தார்கள் என்று வருது. பெயர் மூன்றும் ஒரே வேர். நம்ம புருஷ சூக்தத்திலும் ஆதி புருஷனின் உடலிலிருந்துதான் சூரியனும் சந்திரனும் வானமும் பூமியும் வருகின்றன. குருக்கள் அபிஷேகத்தில் அதைச் சொல்லும்போது, ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான ஒரு எண்ணம் நம் காதில் விழுது.

யமனுக்கு நாலு கண் உள்ள ரெண்டு நாய்கள் என்று வேதம் சொல்லும். பார்சி மக்கள் இறந்தவர் உடலை ஒரு நாயைக் கொண்டு பார்க்க வைக்கும் சடங்கு வச்சிருக்காங்க. கண்ணுக்கு மேலே ரெண்டு புள்ளி உள்ள நாயை 'நாலு கண் நாய்' என்பாங்க. இது ரெண்டு மக்களுக்கும் பொதுவான பழைய நினைவு.

🔸 கடனும் தற்செயலும்

நம்ம நாட்டு மலாய் மொழியில் டேவா, ஷுர்கா, நெராக்கா, புவாசா, ராஜா எல்லாம் இருக்கு. தேவன், சொர்க்கம், நரகம், உபவாசம், ராஜா. மலாய் வேறு குடும்பத்து மொழி, இவை வணிகத்தோடும் அரசுகளோடும் வந்த கடன். லத்தீனில் அரசனை 'ரெக்ஸ்' என்பது ராஜாவுக்கு ரத்த உறவு, மலாய் ராஜா விருந்தாளி. கேட்க ரெண்டும் ஒரே மாதிரிதான், வந்த வழி வேறு.

நாமும் கடன் வாங்கியவர்கள்தான். ஜோதிடத்தில் 'ஓரை' பார்க்கிறோமே, அது கிரேக்கத்தின் 'ஹோரா'. ஆங்கிலத்தின் 'ஹவர்' அதே சொல். வாங்கினதில் வெட்கம் ஒண்ணும் இல்லை.

தற்செயல்தான் நம்மை அதிகம் ஏமாத்துது. ஆங்கிலத்தில் 'டெவில்' என்பதுக்கும் தேவனுக்கும் உறவு இல்லை, அது 'தியாபோலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. கிரேக்க 'தியோஸ்' என்றாலும் கடவுள், லத்தீன் 'தேயுஸ்' என்றாலும் கடவுள், ஆனால் ரெண்டுக்கும் வேர் வேறு வேறு. இஸ்கந்தர் என்பது அலெக்சாண்டர் என்ற கிரேக்கப் பெயரின் அரபு, பாரசீக வடிவம், மனிதரைக் காப்பவன் என்று பொருள். முதலில் வரும் 'அல்' தங்கள் மொழியின் முன்னொட்டு என்று நினைச்சு அவங்க விட்டுட்டாங்க. ஸ்கந்தன் என்பது பாய்தல், வெளிப்படுதல் என்ற பொருளுள்ள சமஸ்கிருத வேரிலிருந்து வருது. காதுக்கு ஒன்று மாதிரி கேட்குது, அவ்வளவுதான்.

🔸 அப்போ நம்ம முருகன்?

இதுதான் நமக்கு முக்கியமான இடம். தமிழ் அந்தக் குடும்பத்து மொழி கிடையாது. 1816-இல் சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856-இல் கால்டுவெல் அதை விரிவா எழுதினார். முருகு என்றால் அழகு, இளமை, மணம். வேலன் வெறியாட்டு, குறிஞ்சி நிலம் எல்லாம் சங்க இலக்கியத்தில் இருக்கு. கொற்றவையும் அப்படியே. இவர்களை ஜீயஸ் வீட்டுப் பட்டியலில் தேடவே கூடாது. சாவுக்குக்கூடத் தமிழில் கூற்றம் என்று தனிச் சொல் இருந்தது, உடலையும் உயிரையும் கூறு போடுவது என்று விளக்கம் சொல்வாங்க. பிற்காலத்தில் கூற்றுவனும் யமனும் ஒருவராகி, திருக்கடவூரில் மார்க்கண்டேயனுக்காகச் சிவனிடம் உதை வாங்கினார்.

இந்த ரெண்டு ஆறும் எங்கே கலந்தது என்று பிள்ளை கேட்டால், முருகன் சந்நிதிக்குக் கூட்டிப் போங்க. ஒரு பக்கம் தெய்வானை, இந்திரன் மகள். மறுபக்கம் வள்ளி, குறவர் மகள். வடக்கிலிருந்து வந்த மரபும் நம்ம மலையில் பிறந்த மரபும் ஒரே சந்நிதியில் நிக்குது. கோயிலைச் சுத்தி வரும்போது கிழக்கே இந்திரன், தெற்கே யமன், மேற்கே வருணன் என்று திசைக் காவலர்களையும் காட்டுங்க. ஒரு காலத்தில் பெரிய தெய்வங்களாக இருந்தவர்கள் இன்று சிவனுக்கும் முருகனுக்கும் காவல் நிக்கிறாங்க.

🔸 இரண்டு எச்சரிக்கை

மேக்ஸ் முல்லர் ரிக் வேதத்தைப் பதிப்பித்த பெரிய அறிஞர். ஆனால் 1856-இல் புராண ஒப்பீடு எழுதத் தொடங்கியவர், எந்தக் கதையைப் பார்த்தாலும் சூரியன், விடியல் என்றே விளக்கினார். அவர் முறையை வச்சே மேக்ஸ் முல்லரும் ஒரு சூரியக் கதைதான் என்று ஒருவர் கிண்டல் கட்டுரை எழுதினார். எல்லாத்துக்கும் ஒரே சாவி என்று யாராவது சொன்னால் கவனமா இருக்கணும் என்பதுக்கு அது பாடம்.

இரண்டாவது, மொழிக் குடும்பம் என்பது இனம் இல்லை. 'ஆரியன்' என்ற சொல்லை இனமாக்கி நாஜிகள் செய்த கொடுமை உலகம் அறிந்தது. அந்தப் பழைய மொழி கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே உள்ள புல்வெளியில் சுமார் 5,000, 6,000 ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்டது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதை வைத்து இன்று யாரையும் உயர்ந்தவர், தாழ்ந்தவர், வந்தேறி என்று பேசுவது பாவம்.

அதனால் அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் தள்ளி விடும் முன் மூணு கேள்வி கேளுங்க. பெயர் ஒலி ஒழுங்கோடு ஒத்துப் போகுதா? கடன் வாங்க வழி இருந்ததா? கதை உலகம் முழுக்க எல்லாரும் சொல்ற கதையா? மூணுக்கும் பதில் தெரியலைன்னா அனுப்பாதீங்க.

ஜீயஸ் கோயில்களில் மணி நின்று 1,500 வருஷத்துக்கு மேலாச்சு. தோரைப் படத்தில்தான் பார்க்க முடியும். நம்ம யாகசாலையில் இந்திரனையும் அக்கினியையும் வருணனையும் இன்னும் பெயர் சொல்லி அழைக்கிறோம், பக்கத்திலேயே வேலும் நிக்குது. இதுக்கு மேல ஒரு பெருமையைப் பொய்யாச் சேர்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. உண்மையைச் சொன்னாலே பிள்ளைகள் நிற்பாங்க.

பிழை இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் இதைப் பத்திப் பேசுவோம், பெற்றோரும் வரலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா 🙏